பிசிக்ஸ் மேஜர்... பாறை அலைடு!

அலைடு பேப்பர் எதை எடுக்கலாம்னு பேச்சு வந்தாலே, 'மார்க் ஈஸியா விழுமா?' என்றுதான் முதலில் கேட்போம். நீங்கள் பிசிக்ஸ் மேஜர், ஊர் கள்ளக்குறிச்சி பக்கமா? அப்படியானால் ஜியாலஜி பற்றியும் கொஞ்சம் விசாரியுங்கள். ஜியாகிரபி இல்லீங்க, ஜியாலஜி! தமிழில் நிலவியல்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வெள்ளிமலைக்கு ஏறும்போது, செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு ரோட்டோரம் பாருங்கள். மலையை வெட்டிய இடங்களில் மேலே மண், அதற்குக் கீழே உதிர்கிற பாறை, அடியில் நீலச்சாம்பல் நிறத்தில் கெட்டிக்கல். கல்வராயன் மலையில் பரவலாக இருக்கும் இந்தக் கல்லுக்குப் பெயர் சார்னோக்கைட். வயது சுமார் 250 கோடி வருடம்! கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் இந்த வகை என்பதால், அவர் பெயரையே இதற்கு வைத்தார் தாமஸ் ஹாலந்து. (சமாதியில் பேர் வாங்கிய கல்!)

இந்தக் கெட்டிக்கல் தண்ணீரைத் தேக்காது. மேலே உதிர்ந்த பகுதியிலும், கீழே விரிசல்களிலும்தான் தண்ணீர். அதனால்தான் ஒருத்தர் போரில் தண்ணி கொட்டுது, பக்கத்துக் காட்டில் வெறும் புழுதி பறக்குது. புழுதி பறந்தாலும் போர் வண்டிக்காரருக்குக் காசு கொடுத்தாகணும். அந்தக் கடனை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதை நம்பி எத்தனை போர் போடுவது?

தரையில் நாலு கம்பி அடித்து, இரண்டில் கரன்ட் விட்டு, மற்ற இரண்டில் வோல்டேஜ் அளந்தால் பூமிக்குள் இருக்கும் மின்தடை தெரியும். ப்ளஸ் டூவில் படித்த ஓம் விதிதான்! மின்தடை குறைந்தால் தண்ணீரா? இருக்கலாம். களிமண்ணாகவும் இருக்கலாம். மீட்டர் நம்பரைக் காட்டும். அது எது என்று பிரித்துச் சொல்ல அந்த ஊர்ப் பாறை தெரிந்திருக்கணும். அங்கேதான் அலைடு பேப்பர் கை கொடுக்கும்.

அதை மட்டும் படித்து ஜியாலஜிஸ்ட் ஆகிவிட முடியாது, அதற்கு எம்.எஸ்ஸி. ஜியாலஜி வேண்டும். ஆனால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வில் ஜியோபிசிசிஸ்ட் வேலைக்கு எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவர்களும் எழுதலாம். கெமிஸ்ட் வேலைக்கு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

எல்லா காலேஜிலும் ஜியாலஜி கிடைக்காது. அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். ஊரில் அடுத்து யாராவது போர் போட்டால், பத்தடிக்கு ஒரு தரம் வெளியே வரும் தூளைத் தனித்தனிக் கவரில் பிடித்து, அடியை எழுதி வையுங்கள்.