குழந்தை ஜீவனாம்சம்: உத்தரவும் வசூலும்

பெற்றோர் பிரிந்து வாழும்போது, குழந்தையைத் தன்னிடம் வைத்து வளர்ப்பவருக்கு மற்றவர் மாதந்தோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புத் தொகையே குழந்தை ஜீவனாம்சம் ஆகும். உணவு, உடை, இருப்பிடம், கல்வி, மருத்துவம் ஆகிய செலவுகளுக்காக இது வழங்கப்படுகிறது. தொகையை நிர்ணயிக்கும் சட்டம் இந்தியாவில் தெளிவாக உள்ளது. ஆனால் அந்தத் தொகை மாதம் தவறாமல் கைக்கு வருமா என்பது, கொடுப்பவரின் வருமானம் எத்தகையது, பெறுபவரால் எத்தனை முறை நீதிமன்றத்துக்கு அலைய முடியும் என்ற இரண்டையும் பொறுத்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம்.

சட்ட அடிப்படை

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 125, மனைவி, குழந்தை, பெற்றோர் ஆகியோருக்கு ஜீவனாம்சம் பெறும் உரிமையை அளித்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144 அதன் இடத்தில் உள்ளது. பெற்றோரின் மதம் எதுவாயினும், அவர்கள் திருமணம் செய்துகொள்ளாதவர்களாயினும், குழந்தைக்கு இவ்வுரிமை உண்டு. மத்தியச் சட்டத்தில் இருந்த மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்றும் அத்திருத்தம் கூறியது.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கிய நெறிகளை வகுத்தது. இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும்.

தாய் தான் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். செங்கல்பட்டில் குடும்ப நல நீதிமன்றம் இயங்குகிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். கூலி வேலை செய்யும் தாய்க்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி இழப்பாகிறது.

வருமானமும் வசூலும்

கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர், மறைமலை நகர்த் தொழிற்சாலைப் பணியாளர் போன்றோருக்குச் சம்பளம் வங்கி வழியாக வருகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60-இன்படி, ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியை ஜப்தி செய்யலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பிரிவு 20-இன் கீழ், ஊதியத்தில் ஒரு பகுதியை நேரடியாகப் பாதிக்கப்பட்ட பெண்ணிடமோ நீதிமன்றத்திலோ செலுத்துமாறு வேலை அளிப்பவருக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும்.

கோவளம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் நிலைமை வேறு. மீன் விற்ற பணத்தில் எரிபொருள் செலவு போக மிச்சம், படகு உரிமையாளருக்கும் உடன் சென்றவர்களுக்கும் பங்காகப் பிரிக்கப்படுகிறது. இதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது. மாமல்லபுரம் சிற்பக் கூடங்களில் உருப்படிக் கணக்கில் கூலி பெறுவோருக்கும் இதே நிலைதான். தொழிலாளர் கூலியையும் கைவினைஞரின் கருவிகளையும் உரிமையியல் வழியில் ஜப்தி செய்ய முடியாது. கடற்கரை ஊர்களில் குடும்பத் தகராறுகள் பெரும்பாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் செல்கின்றன. அங்கு ஒப்புக்கொண்ட தொகை நின்றுபோனால் வாரண்ட் கேட்க வழியில்லை. அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

நிலுவையும் ஓராண்டுக் கெடுவும்

உத்தரவுப்படி பணம் வராவிட்டால், பெற வேண்டியவரே மீண்டும் மனு செய்ய வேண்டும். நீதிமன்றம் அபராதத்தை வசூலிப்பது போல வாரண்ட் பிறப்பிக்கும். அதன் பின்னும் செலுத்தாதவரை, பாக்கியுள்ள மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் வரையோ, பணம் கட்டும் வரையோ சிறையில் வைக்கலாம். தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் இம்மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாதம் 5,000 ரூபாய் வீதம் 18 மாதங்கள் வராவிட்டால் நிலுவை 90,000 ரூபாய். அப்போதுதான் முதன்முறையாக மனு செய்தால், கடைசி 12 மாதங்களுக்கான 60,000 ரூபாய்க்கே வாரண்ட் கேட்க முடியும். மீதி 30,000 ரூபாய்க்கு உரிமையியல் வழியை நாட வேண்டும்.

சிறை சென்றால் கடன் தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சிறைவாசம் வசூலுக்கான வழி மட்டுமே, அதனால் பாக்கி தீராது என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2013இல் அதையே மீண்டும் உறுதி செய்தது. ஓராண்டுக் கெடு இந்தச் சிறப்பு வசூல் முறைக்கு மட்டுமே உரியது, ஜீவனாம்ச உரிமையை அது அழிக்காது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்தம் செய்வது வழக்கமான முறையாக உள்ளது. அங்கும் 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தொகை வரவேண்டிய பெற்றோரில் முழுத் தொகையும் பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. ஜெர்மனியிலும் சுவீடனிலும், ஒருவர் செலுத்தத் தவறினால் அரசே குழந்தைக்கு ஒரு தொகையை வழங்கிவிட்டு அவரிடமிருந்து வசூலிக்க முயல்கிறது. வசூலிக்கும் பொறுப்பு அரசிடம் இருப்பதால், குழந்தையின் அன்றாடச் செலவு வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

கிடைக்கும் உதவி

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். இதற்கான தொலைபேசி எண் 15100. மகளிர் உதவி எண் 181. உத்தரவின் நகல் கட்டணமின்றி வழங்கப்படும். செலுத்த வேண்டியவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டால், அவர் இருக்கும் ஊரின் நீதித்துறை நடுவரிடம் அந்த நகலைக் காட்டி வசூல் கோரலாம். பணம் வங்கிக் கணக்கில் வருமாறு உத்தரவில் கேட்டுப் பெறுவதும், எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று குறித்து வைப்பதும், ஓராண்டு முடியுமுன் நிலுவை மனுவைத் தாக்கல் செய்வதும் குழந்தைக்குரிய தொகையைப் பாதுகாக்கும்.