தலை எண்ணித் தாக்கும் நுண்ணுயிர்கள்

தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் இவ்வுண்மையை அறிந்தவைபோல் நடந்துகொள்கின்றன என்பதை அறிவியல் கண்டறிந்துள்ளது. வாயும் செவியும் இல்லாத பாக்டீரியாக்கள், வேதிப் பொருள்களின் வாயிலாகத் தம் இனத்தோடு செய்தி பரிமாறுகின்றன. அச்செய்தி யாது என அறிவது நம் உடல்நலத்திற்கும் பயன் தருவதாகும்.

பாக்டீரியாக்களின் வேலையை நாம் அன்றாடம் காண்கிறோம். மங்கில் வடிந்த பால் நெடுநேரம் கிடந்தால் புளித்துக் கட்டியாகிவிடுகிறது. பாலிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இதற்கு முக்கியக் காரணமாகும். அவற்றை அடக்கவே பாலில் அமோனியா சேர்க்கப்படுகிறது. ஒரு பாக்டீரியாவினால் ஆவது ஒன்றுமில்லை. ஆயிரம் பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தினாலும் அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆயினும் அவற்றின் பெருக்கம் வியப்பிற்குரியது. ஏற்ற சூழ்நிலையில் சில வகைகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. தடையின்றிப் பிரிந்தால், ஒன்று எட்டு மணி நேரத்தில் 1 கோடியே 67 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

பெருகிய கூட்டம் தன் எண்ணிக்கையை எவ்வாறு அறிகிறது? இதற்கான விடை கடலிலிருந்து கிடைத்தது. ஒளிவீசும் கடல் பாக்டீரியாக்களை அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹேஸ்டிங்ஸ், நீல்சன் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து, 1970ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். குடுவையில் வளர்ந்த அப்பாக்டீரியாக்கள் தொடக்கத்தில் ஒளி தரவில்லை. அவை நெருக்கமாகப் பெருகிய பின்னரே ஒளிரத் தொடங்கின. அவையே வெளிவிட்ட ஏதோ ஒரு பொருள் நீரில் சேர்ந்து இம்மாற்றத்தை உண்டாக்கியது என அறிஞர்கள் உணர்ந்தனர். அப்பொருளின் அமைப்பு 1981இல் கண்டறியப்பட்டது.

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணப்படுவதை நாம் அறிவோம். எத்தனை பேர் வந்துள்ளனர் எனத் தெரிந்த பின்னரே வேலை பங்கிடப்படுகிறது. பாக்டீரியாக்களின் பெரட்டில் கங்காணி இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. ஒவ்வொன்றும் தன் அடையாளப் பொருளைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. கூட்டம் சிறிதாயின் அப்பொருள் நீரில் கரைந்து மறைந்துவிடும். கூட்டம் பெரிதாயின் அது செறிந்து, பாக்டீரியாவினுள் இருக்கும் ஒரு புரதத்தோடு பூட்டும் சாவியும்போல் பொருந்துகிறது. உடனே உறங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அனைத்தும் ஒரே வேளையில் வேலையில் இறங்குகின்றன.

ஹவாய்த் தீவின் கரையோரத்தில் வாழும் சிறிய கணவாய் ஒன்று இவ்வொளியைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதன் உடலிலுள்ள ஓர் உறுப்பில் இப்பாக்டீரியாக்கள் நெருங்கி வாழ்ந்து இரவில் ஒளி தருகின்றன. நிலவொளியில் கணவாயின் நிழலுருவம் கீழிருக்கும் பகைக்குத் தெரியாதவாறு அவ்வொளி மறைக்கிறது. அதற்குக் கைம்மாறாகப் பாக்டீரியாக்கள் உணவும் உறைவிடமும் பெறுகின்றன.

எல்லாக் கூட்டமும் இவ்வாறு நன்மை செய்வதில்லை. தீப்புண்ணிலும் நுரையீரலிலும் பரவும் சூடோமோனாஸ், சீழ்க்கட்டியை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆகியவையும் இவ்வாறே ஆள் எண்ணுகின்றன. சிலவாக இருக்கும்போதே நஞ்சை வெளியிட்டால், உடலின் காவற்படை விழித்து அவற்றை அழித்துவிடக்கூடும். ஆகவே அவை படை திரளும்வரை அடங்கியிருந்து, பின்னர் ஒன்றாகத் தாக்குகின்றன. சில வகைகள் பிசின் போன்ற படலத்தைச் சுரந்து அதனுள் பதுங்குகின்றன. அப்படலத்தினுள் மருந்து எளிதில் வேலை செய்வதில்லை.

பகைவரின் பேச்சைத் துண்டித்தால் படை கலையுமன்றோ? இவ்வழியில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2001இல் ஒரு வெற்றி கண்டனர். மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவிடம், பிற பாக்டீரியாக்களின் செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதி இருப்பதை அவர்கள் முன்னரே கண்டிருந்தனர். அந்நொதியைத் தரும் மரபணுவை உருளைக்கிழங்குச் செடியில் சேர்த்தபோது, அழுகல் நோயை அச்செடி எதிர்த்து நின்றது. மனித நோய்களுக்கு இம்முறையில் மருந்து காணும் முயற்சி இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் அம்முயற்சி பெரிதும் வேண்டற்பாலது.

அதுவரை நம் கையில் உள்ள காப்பு யாது? உளிக் கத்தி பட்ட கையையோ, முள் தைத்த காலையோ சிறு காயம்தானே என விட்டுவிடலாகாது. கிருமிகள் சிலவாக இருக்கும்போதே தூய நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, மருந்திட்டுக் கட்டுதல் வேண்டும். நீரிழிவு உடையோர் கால்களை நாள்தோறும் பார்த்துக்கொள்ளுதல் நன்று. காயம் சிவந்து வீங்கினால் தாமதியாது மருத்துவரை நாடுக. அவர் தரும் மருந்தை, வலி நின்றது என்பதற்காகப் பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை உட்கொள்ளுக. எஞ்சியதைப் பிறர்க்குக் கொடுக்கவும் வேண்டா. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வழுக்கும் பாசிப் படலத்தை நீரால் அலசினால் மட்டும் போதாது. நன்றாகத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

கிருமிகள் கூட்டம் சேர்ந்த பின்னரே வலிமை பெறுகின்றன. அக்கூட்டம் சேருமுன் முந்திக்கொள்வதே நமக்கு நலம்.