ஒரு அரையாண்டு பிரான்சில்

ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனை, கம்பளை தாண்டிக் கண்டிக்குப் போனால், அங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையம். தோட்டத்துப் பிள்ளைகளும் பிரெஞ்சு மொழியை அங்கிருந்து தொடங்கலாம்.

பிரான்சில் ஒரு அரையாண்டு மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வரவும் வழி உண்டு. 1987இல் ஐரோப்பாவுக்குள் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் இன்று இலங்கை மாணவருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் வேண்டும். தெரிவானால் அங்கே கல்விக் கட்டணம் இல்லை. பயணத்துக்கும் மாதச் செலவுக்கும் உதவித்தொகை வரும். கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

பரீட்சைப் புள்ளி பிரான்சில் 20க்குத்தான். 10 எடுத்தால் சித்தி, 14 எடுத்தால் நல்ல பெறுபேறு.



பல்கலைக்கழகத்தில் படிக்கும் நேயர்களே, உங்கள் சர்வதேசத் தொடர்புப் பிரிவில் இந்தத் திட்டம் பற்றி இந்த வாரமே விசாரியுங்கள்.