பிளேக் ஓய்ந்ததும் எழுந்த கல் சிலுவை: குண்டில் உடைந்ததை அமெரிக்க பணம் ஒட்ட வைத்தது!

பிரான்சின் வடமேற்கு மூலையில் பிரிட்டனி என்று ஒரு பகுதி. அங்கே பிரெஸ்ட் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர் பிளூகாஸ்டெல். ஸ்ட்ராபெர்ரி பழத்துக்கு பேர் போன ஊர். ஆனால் வெளியூர்க்காரர்கள் முதலில் போய் நிற்பது மாதா கோவில் பக்கத்தில் உள்ள கல் சிலுவை முன்புதான்.

1598-ம் ஆண்டு அந்தப் பக்கம் பிளேக் நோய் புகுந்தது. காய்ச்சல், அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி, சில நாளில் சாவு. நோய்க்கு காரணமான கிருமி 1894-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றைக்கு மருந்து ஏது? வேண்டுதல்தான். சாகக் கிடந்த உள்ளூர் பிரபு ஒருவர், "என்னோடு இந்தச் சாவு நிற்கட்டும், சிலுவை எழுப்புகிறேன்" என்று நேர்ந்துகொண்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1602 முதல் 1604 வரை வேலை நடந்து சிலுவை எழுந்தது நிஜம்.

ஒற்றைச் சிலுவை என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய கல் மேடை, அதன் மேல் இயேசுவின் சிலுவை, இரு பக்கமும் கள்ளர்கள் இருவர். மேடையைச் சுற்றி சுமார் 180 சுரூபங்கள். பிறப்பு முதல் உயிர்ப்பு வரை இயேசுவின் கதை முழுக்க கல்லில் இருக்கிறது. எழுத்து வாசனை இல்லாத ஜனங்களுக்கு இதுதான் வேதபுத்தகம். பிளேக் நோய்க்கு பாதுகாவலர்களான செபஸ்தியாரும் ஆரோக்கியநாதரும் மேடையில் நிற்கிறார்கள். சிலுவைத் தண்டில் முண்டு முண்டாகப் புடைப்புகள். அது பிளேக் கட்டியின் அடையாளம் என்கிறார்கள்.

மேடை, மஞ்சள் நிறக் கல். சுரூபங்கள், கெர்சாந்தோன் என்ற கருஞ்சாம்பல் கல். வெட்டி எடுத்த புதிதில் உளிக்கு வளைந்து கொடுக்கும், நாளாக ஆக இறுகிவிடும். அதனால்தான் 400 வருஷம் மழையில் நனைந்தும் சுரூபங்கள் தேயாமல் நிற்கின்றன.

சிலுவை ஏன் கோவில் வாசலில்? அந்தக் கால பிரிட்டனியில் கோவிலைச் சுற்றித்தான் கல்லறை. நாலாபுறமும் மதில். இடம் நெருக்கடி ஆனால் பழைய எலும்புகளை எடுத்து தனி அறையில் வைத்துவிட்டு புதுக்குழி வெட்டுவார்கள். பூசைக்கு வருகிறவர்கள் சொந்தக்காரர்களின் குழியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் குழிகளுக்கு நடுவில்தான் சிலுவை.

பிளேக்கை வென்ற சிலுவைக்கு ஆபத்து வந்தது 1944-ம் ஆண்டு ஆகஸ்டில். பிரெஸ்டை ஜெர்மானியரிடம் இருந்து பிடிக்க அமெரிக்கப் படை தாக்கியபோது குண்டுகள் இந்த ஊரிலும் விழுந்தன. கோவில் சிதைந்தது. சிலுவையும் சுரூபங்களும் உடைந்தன.

போர்க்களத்தில் கலைப்பொருட்களைக் காக்க அமெரிக்க ராணுவத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதில் வேலை பார்த்தவர் ஜான் ஸ்கில்டன். உடைந்து கிடந்ததைப் பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்காவில் நிதி திரட்டினார். அந்தப் பணத்தில் மில்லே என்ற சிற்பி சுரூபங்களைச் சீர்செய்து பழையபடி நிறுத்தினார்.

இப்போது சுற்றிலும் கல்லறைகள் இல்லை. சிலுவை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.