முதலில் ஒரு வரி பேசிப் பாருங்கள்

போரினால் பாதிக்கப்பட்ட பெண்கள் தமது கதையைச் சொல்லிச் சொல்லியே களைத்துப் போனவர்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் ஆணைக்குழு, அலுவலகம், ஆய்வாளர், ஊடகவியலாளர் எனப் பலர் முன்னிலையில் அவர்கள் பேசிவிட்டார்கள். பெரும்பாலும் எழுதியது வேறொருவர். எழுதிய தாளும் வேறொருவரிடமே இருக்கிறது.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் பிள்ளை. என்ர பேத்திக்குத்தான் இன்னும் வடிவாச் சொல்லேல்லை."

கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் வாழும் ஒரு தாய் என்னிடம் கூறியது இது. அவரது மகன் 2009 மே மாதத்தில் காணாமற்போனவர். அன்று எட்டு மாதக் குழந்தையாக இருந்த பேத்தி இன்று உயர்தரம் கற்கிறாள். தகப்பனின் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. புகைப்படங்களும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. எஞ்சியிருப்பது அப்பம்மாவின் நினைவு மட்டுமே. அதனை வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம் என்று யோசனை கூறியவள் நான்.

2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பேத்தியின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய கணினி அது. திரையின் மேல் சிறிய கமரா ஒன்றும் இருந்தது. சட்டையில் கொளுவும் மைக் ஒன்றை வாங்கிச் சென்று, கணினியின் பின்புறத்திலிருந்த ரோஸ் நிறத் துளையில் செருகினேன். பதிவு ஆரம்பமாகியது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நடந்த வழியெல்லாம் அம்மா சொன்னார். இடையில் இரண்டு தடவை அழுதார். நாற்பது நிமிடங்கள் கடந்தன.

பின்னர் போட்டுக் கேட்டோம். மின்விசிறியின் இரைச்சலும் சேவல் கூவும் சத்தமும் நன்றாகக் கேட்டன. அம்மாவின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டது. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"பரவாயில்லைப் பிள்ளை, திருப்பிச் சொல்லுறன்" என்றார் அவர்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. துயரத்தை மீண்டும் மீண்டும் சொல்ல வைப்பது எத்தகைய சுமை என்று பயிற்சிப் பட்டறைகளில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். அன்று அதே தவறை நானே செய்தேன். "இண்டைக்கு வேண்டாம் அம்மா" என்று கூறிவிட்டு வந்தேன்.

என்ன பிழை நடந்தது? விசாரித்தபோது இரண்டு பிழைகள் தெரியவந்தன.

முதலாவது, மைக்கின் செருகி. அதன் உலோக முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது கைத்தொலைபேசிக்கென்று செய்யப்பட்டது. மேசைக் கணினியின் ரோஸ் நிறத் துளைக்கு இரண்டு வளையங்கள் உள்ள செருகியே பொருந்தும். பச்சைத் துளை கேட்பதற்கானது; அதில் மைக்கைச் செருகுவதில் பயனில்லை. மூன்று வளைய மைக்தான் கையில் இருக்கிறதென்றால், அதனை இரண்டாகப் பிரித்துத் தரும் சிறிய இணைப்பு வயரைக் கடையில் கேட்டு வாங்கலாம். மடிக்கணினியில் ஒரேயொரு துளைதான் இருக்குமாயின், பெரும்பாலும் மூன்று வளைய மைக்கே அதற்குப் பொருந்தும். பென் டிரைவ் செருகும் யூ.எஸ்.பி. துளைக்கான மைக் வாங்கினால் இந்தச் சிக்கலே இல்லை.

இரண்டாவது, கணினி எந்த மைக்கைக் கேட்கிறது என்பது. திரையின் மேலிருந்த கமராவுக்குள்ளும் ஒரு மைக் உண்டு. கணினி அதனையே கேட்டுக்கொண்டிருந்தது. விண்டோஸ் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, இன்புட் என்ற இடத்தில் நாம் செருகிய மைக்கைத் தெரிவு செய்ய வேண்டும். பேசும்போது அங்குள்ள கோடு அசைய வேண்டும். அசையாவிட்டால், பிரைவசி பகுதியில் மைக்கைப் பயன்படுத்த அனுமதி வழங்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பதிவு செய்யும் மென்பொருளிலும் அதே மைக் தெரிவாகியிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் பதிவை ஆரம்பித்து, மைக்கை விரலால் மெதுவாகத் தட்டுங்கள். பின்னர் கமராவைத் தட்டுங்கள். போட்டுக் கேட்கும்போது எது பலமாகக் கேட்கிறதோ, கணினி அதனையே கேட்கிறது.

அடுத்த வாரம் மீண்டும் சென்றேன். மின்விசிறியை நிறுத்தினோம். நாடியிலிருந்து ஒரு சாண் கீழே, சேலைத் தலைப்பு உராயாத இடத்தில் மைக்கைக் கொளுவினோம். "அம்மா, காலமை என்ன சமைச்சனீங்கள் என்று மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.

"புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும்."

அதனைப் போட்டுக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. "இதுவோ என்ர குரல்?" என்று பேத்தியைக் கேட்டார். "இதுதான் அப்பம்மா" என்றாள் அவள். அதன் பிறகே அவர் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இம்முறை போன வழியைச் சொல்லவில்லை. மகன் சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த கதையிலிருந்து ஆரம்பித்தார்.

பதிவு கணினியில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக இருக்கிறது. பென் டிரைவை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களோடு சூட்கேசுக்குள் வைத்திருக்கிறார். என்னிடம் பிரதி இல்லை, நான் கேட்கவுமில்லை. யார் கேட்கலாம் என்பதை இனி அவரே தீர்மானிப்பார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு தாய் இருக்கலாம். அவரது குரலைப் பதிவு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் புட்டைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வரி பேசச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நமது கவனக்குறைவினால் எந்தத் தாயும் தன் துயரத்தை இரண்டாம் தடவை சொல்ல நேரக்கூடாது.