வீட்டுக்கு ஏற்ற அடுப்பு எது?

பம்புசெட் வாங்கும்போது கிணற்றின் ஆழம், குதிரைத் திறன் எல்லாம் விசாரிக்கும் நாம், நாள்தோறும் எரியும் அடுப்பை மட்டும் விசாரிக்காமல் வாங்கி விடுகிறோம். அதன் பலனை அனுபவிப்பவர்கள் அடுப்பின் முன் அமரும் பெண்களும், மடியில் இருக்கும் குழந்தைகளுமே. விறகுப் புகையினால் குழந்தைகளுக்கு நிமோனியாவும், பெண்களுக்கு நாள்பட்ட நுரையீரல் நோயும் வருகின்றன. திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரத்தில் ஆலைப் புகையும் அனல் மின்நிலையச் சாம்பலும் வெளிக்காற்றிலேயே கலந்துள்ளன. வீட்டுக்குள்ளும் புகை வேண்டாம்.

முதலில் எரிபொருளை எடை போடுங்கள்

புது அடுப்பு வாங்குமுன் ஒரு வாரம் தினமும் எரியும் விறகு, சவுக்கு மிளாறு, வரட்டி ஆகியவற்றை எடை போட்டுக் குறித்து வையுங்கள். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. சாதாரண மண் அடுப்பில் இதில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேரும். ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்க 350 கிலோ கலோரி தேவை. ஆகவே பழைய அடுப்பில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான விறகு செலவாகும். 20 சதவீதத் திறனுள்ள அடுப்பில் அரைக் கிலோவே போதும். ஈர விறகானால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

துறைமுகப் பகுதியிலிருந்து மலிவாக வரும் வர்ணம் பூசிய பெட்டிப் பலகை, பிளைவுட் துண்டு, பிளாஸ்டிக் ஆகியவற்றை எந்த அடுப்பிலும் எரிக்கலாகாது. அந்தப் புகை நச்சுத் தன்மை உடையது.

புகையில்லா அடுப்பு

நமது கொடியடுப்புடன் புகைப்போக்கியைச் சேர்த்ததே இவ்வடுப்பு. மத்திய அரசு 1983-இல் தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. அப்போது கட்டிய அடுப்புகள் பல வீடுகளில் கைவிடப்பட்டன. கரி அடைத்த குழாயைச் சுத்தம் செய்யாததும், பாத்திரத்துக்குப் பொருந்தாத வாயும் முக்கியக் காரணங்கள். ஆகவே உங்கள் வீட்டுப் பானையை வைத்து அளந்தே வாயை அமைக்கச் சொல்லுங்கள். புகைப்போக்கி கூரைக்கு மேல் இரண்டடி உயர்ந்து, மழைத் தொப்பியுடன் இருக்கட்டும். உப்புக் காற்றில் இரும்புத் தகடு விரைவில் துருப்பிடிக்கும். சுட்ட மண் குழாய் நல்லது. ஓலைக் கூரையில் குழாய் படாமல் இடைவெளி அவசியம். மாதம் ஒருமுறை கரியைத் தட்டிவிட வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: புகைப்போக்கி புகையை வெளியேற்றுமே தவிர, இல்லாமல் செய்யாது.

சாண எரிவாயு

மாடு வைத்திருப்போருக்கு இதுவே சிறந்தது. ஒரு கன மீட்டர் கலனுக்குத் தினமும் 25 கிலோ புதுச் சாணம் தேவை; அதாவது இரண்டு, மூன்று மாடுகள். நால்வர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு இது போதும். மேய்ச்சலில் விழும் சாணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வரட்டியாக எரித்தால் சாணத்தின் தழைச்சத்து புகையோடு போகிறது. கலனில் இட்டால் எரிவாயுவும் கிடைக்கும், எருவும் மிஞ்சும். சென்ற பருவத்தில் யூரியாவுக்குச் செலவிட்டதை நினைத்துப் பாருங்கள்.

கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், மழைக்காலத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்த பிறகே குழி தோண்டுங்கள். மிதக்கும் கலனுக்கு இரும்பைவிடக் கண்ணாடியிழை ஏற்றது. சிலிண்டர் அடுப்பை இதற்கு அப்படியே பயன்படுத்த முடியாது. தனி பர்னர் வேண்டும்.

சிலிண்டர் எரிவாயு

மாடு இல்லாத வீட்டுக்கு இதுவே வழி. ஏழைக் குடும்பப் பெண்களுக்கு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. இணைப்பு பெற்றாலும் அடுத்த சிலிண்டர் வாங்கப் பணமின்றி மீண்டும் விறகுக்குத் திரும்புவோர் உண்டு. மாதச் செலவைக் கணக்கிட்டே முடிவு செய்க. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள அடுப்பையே வாங்குங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காமல், நிமிர்த்தி, அடுப்பைவிடத் தாழ்வாக வைக்கவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று மாடு இருந்தால் சாண எரிவாயு, இல்லையேல் சிலிண்டர். வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் விறகு தேவைப்பட்டால் புகையில்லா அடுப்பை வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அமையுங்கள். எதை வாங்கினாலும், சமைக்கும் பெண்ணைக் கேட்டு வாங்குங்கள். அவர் விரும்பாத அடுப்பு ஆறு மாதத்தில் மூலைக்குப் போகும். பழைய புகை மறுபடி வீட்டுக்குள் வரும். மானியம் பற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்து பயனடையலாம்.