பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் ஆகாது

பாடாலூருக்குக் கிழக்கே ஊட்டத்தூர், காரை பக்கம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அங்குள்ள பாறை அடுக்குக்கு ஊட்டத்தூரின் பெயரையே நிலவியலாளர்கள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1939-ல் கல்லக்குடியில் சிமென்ட் ஆலை வந்தது. அரியலூரிலும் ஆலைகள் பெருகின. அதற்கு முன்பு கட்டிய வீடுகள் பலவற்றில் சுவரைக் கட்டியதும் பூசியதும் வெள்ளையடித்ததும் சுண்ணாம்பால்தான்.

கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சுவதில் தண்ணீர் விட்டால் சீறிக் கொதித்து நீறும். அதை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசுவார்கள். பூசிய சாந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. இதில் அவசரம் கூடாது. வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்பு விடும். செட்டிநாட்டில் கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள்.

பழைய வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையீரம் சுவரில் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். மேலே சிமென்ட் பூசினாலோ பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலோ அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளே தங்கி உப்புப் பூக்கும், பூச்சு உப்பும், செங்கல் பொடியும். மறுபடி சிமென்ட் பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

பராமரிப்பு எளிது. ஓட்டு ஒழுக்கையும் சுவரோரம் தேங்கும் தண்ணீரையும் முதலில் சரிசெய்யுங்கள். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்தியெடுத்து, தூசு தட்டி, நீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டியெடுங்கள். கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளே போகும். வெள்ளையடிக்க, வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கஞ்சி சேர்த்தால் கையில் ஒட்டாது. கெட்டியாக ஒரே கை அடிக்காமல், மெல்லியதாக இரண்டு மூன்று கை அடியுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெருகேற்றிய சுவருக்கு வெள்ளையே வேண்டாம். மெல்லிய உலர்ந்த துணி போதும்.

கொத்தனாரிடம் கூலி பேசுமுன், சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று கேளுங்கள். தெரியாதென்றால், சிமென்ட் மூட்டை வாங்குவதைவிடச் சுவரை அப்படியே விட்டுவைப்பது மேல்.